துறவியர் பாடிய கிரகோரியன் பதிவைக் கேட்டுப் பெரிய வியாழனுக்குப் பழகுகிறோம்: சுருதியும் வேகமும் உதைக்கிறது

மஞ்சக்குப்பம் குவாயர் கேட்டது:

வணக்கம். கடலூரில் ஒரு பங்குக் கோயில் பாடகர் குழு. ஆண்கள் 7 பேர், பெண்கள் 4 பேர். எல்லாருமே தமிழ்ப் பாட்டில் பழகியவர்கள். நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தவக்கால ஞாயிறுகளுக்கு லத்தீன் பூசையில் மாறாமல் வரும் கீரியே, சாங்த்துஸ், ஆஞ்ஞுஸ் தேயி மூன்றும், பெரிய வியாழன் காணிக்கைக்கு ‘ஊபி காரித்தாஸ்’, நற்கருணைப் பவனிக்கு ‘பாஞ்சே லிங்குவா’வும் பாட ஃபாதர் சம்மதித்துவிட்டார்.

எல்லாம் கிரகோரியன், அதாவது பக்கவாத்தியம் இல்லாமல் ஒரே மெட்டில் பாடும் பழைய கத்தோலிக்க வழிபாட்டுப் பாட்டு. பழகுவதற்கு வைத்திருப்பவை துறவியர் பாடிய பதிவுகள்: பிரான்சு சோலெம் மடத்தது இரண்டு (ஒன்று பழையது, ஒன்று பின்னால் வந்தது), ஸ்பெயின் சீலோஸ் மடத்து 1994 ஆல்பம், ஆஸ்திரியா ஹைலிகன்குரோய்ட்ஸ் மடத்து 2008 ஆல்பம். ஒவ்வொன்றும் ஒரு சுருதி, ஒரு வேகம். சோலெம் பதிவு இரண்டுமே ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. எதைப் பிடிப்பது?

பதிவில் பாட்டு மிதக்கிறது. அதே வேகத்தில் நாங்கள் பாடினால் துண்டு துண்டாக, இழுவையாக இருக்கிறது. எங்கள் கோயிலுக்குத் தட்டையான கான்கிரீட் கூரை, 14 மின்விசிறி. அதோடு மூன்றாவது சரணத்துக்குள் சுருதி அரைக் கட்டை இறங்கிவிடுகிறது. கீபோர்டு வைத்தால் நிற்குமா? சொற்களைத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், அது போதுமா?

நாலுகோடு (புதுச்சேரி):

மிதப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதற்குள் வந்துவிடும். அந்தப் பதிவில் நீங்கள் கேட்பதில் பாதிதான் துறவிகளின் குரல். மீதி கட்டடம். கல் சுவர், உயரமான வளைவுக் கூரை, ஒலியைக் குடிக்கத் துணியோ மெத்தையோ கிடையாது. ஒரு சுரம் பாடி முடித்த பிறகும் சில நொடி அங்கேயே நிற்கும், அடுத்த சுரம் அதன்மேல் ஏறும். மூச்சு வாங்கும் இடைவெளியையும் எதிரொலியே மூடிவிடும். அங்கே வேகமாகப் பாடினால் சொல் கலங்கும், அதனால்தான் நிதானம். உங்கள் தட்டைக் கூரைக்குக் கீழே அதே நிதானத்தை வைத்தால் இடைவெளியை நிரப்ப ஆள் இல்லை.

அளந்து பார்த்துவிடுங்கள். மின்விசிறிகளை நிறுத்தி, பலிபீடத்துக்கு முன்னால் நின்று ஒரே ஒரு கைதட்டு, நடுக்கோயிலில் ஒரு ஃபோனில் பதிவு. அதை ஆடாசிட்டியில் (கணினியில் ஒலியைத் திருத்தும் மென்பொருள்) திறந்தால் அலை எத்தனை நொடியில் தட்டையாகிறது என்று கண்ணுக்கே தெரியும். ஒன்றரை நொடிக்குள் என்றால் பதிவின் வேகத்தைவிட 10 முதல் 15 சதவீதம் கூட்டிப் பாடுங்கள். இரண்டரை நொடிக்கு மேல், அதாவது எங்கள் புதுச்சேரி ரயில் நிலையம் பக்கத்து இருதய ஆண்டவர் பசிலிக்கா மாதிரி கோத்திக் கூரை என்றால், பதிவின் வேகத்திலேயே விடலாம். ஒன்று கவனம்: ஒத்திகையில் கோயில் காலி. பெரிய வியாழன் அன்று நிறைந்திருக்கும். மனித உடம்பும் உடுப்பும் ஒலியை நன்றாக உறிஞ்சும், எனவே அன்றைக்கு எதிரொலி இன்னும் குறையும்.

வேகம் கூட்டுவது என்றால் அவசரப்படுவது இல்லை. முதலில் வரியைப் பாடாமல் வாசியுங்கள், எல்லாரும் ஒன்றாக, பேசுகிற வேகத்தில். ‘ஊபி காரித்தாஸ் எத் ஆமோர்’: ஊ, கா, ஆ மூன்றிலும் லேசான அழுத்தம், மற்ற அசைகள் உருண்டு போகட்டும். அதே ஓட்டத்தில் சுரத்தை ஏற்றுங்கள். சுரத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லைத் தேடினால்தான் இழுவை வருகிறது.

எது சரி என்ற கேள்விக்கு: இந்த நொட்டேஷனில் நிலையான சுருதியே கிடையாது. நான்கு கோட்டில் ‘தோ’ (தோ, ரே, மி, ஃபா, சோல், லா, தி என்ற ஏழு சுரத்தில் முதலாவது) எங்கே என்று மட்டும் வரித் தொடக்கத்துச் சாவிக்குறி காட்டும். அந்தத் தோவை எத்தனை கட்டையில் வைப்பது என்பது பாடுகிறவர் பாடு. சோலெம் பதிவுகள் இரண்டும் முரண்படுவதற்கு வேறு காரணம் உண்டு. அந்த மடத்துத் துறவி தோம் மொக்கரோ (‘தோம்’ என்பது துறவியருக்கான மரியாதை அடைமொழி) வகுத்த தாள முறையில் சுரங்கள் ஏறக்குறைய சம நீளம், இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் கூடும். அவருடைய சீடர் தோம் கஜார் நடத்திய பதிவுகள், 1930ல் ஹெச்எம்வி இசைத்தட்டுகளில் தொடங்கி, அந்த வழியில் போகின்றன. பிறகு தோம் கார்தீன் 10ஆம் நூற்றாண்டு கையெழுத்துச் சுவடிகளின் குறிகளை ஆராய்ந்து, சுரங்கள் சமம் இல்லை, சொல்லுக்கேற்ப நீளும் குறுகும் என்று காட்டினார். அந்தக் குறிகளையே அச்சு நொட்டேஷனுக்கு மேலும் கீழும் சேர்த்து 1979ல் ‘கிராதுவாலே திரிப்லெக்ஸ்’ என்ற பாட்டுப் புத்தகம் வந்தது. 1971 முதல் அங்கே பாடகர் குழுவை நடத்திய தோம் ழான் கிளேர் காலத்துப் பதிவுகளில் இந்த நெகிழ்வு கேட்கும். இரண்டுமே நல்ல வழிதான். ஆனால் பாதிப் பேர் ஒன்றையும் பாதிப் பேர் இன்னொன்றையும் கேட்டுவிட்டு வந்தால் எந்த வரியும் ஒன்றாக முடியாது. புதிதாகத் தொடங்கும் 11 பேருக்குக் கஜார் வழியே சுலபம் என்பேன். அச்சுப் புத்தகத்தின் புள்ளியும் கோடும் அந்த வழிக்காகவே போட்டவை.

சீலோஸ் ஆல்பம் விற்பனைக்கு வந்ததுதான் 1994. பாடிப் பதிந்தது 1970களிலும் 80களின் தொடக்கத்திலும். கேட்க அருமை, பழக ஆகாது; சுரம் எங்கே முடிகிறது, எதிரொலி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. ஹைலிகன்குரோய்ட்ஸ் சிஸ்டர்சியன் என்ற துறவற சபையின் மடம். 12ஆம் நூற்றாண்டிலேயே சிஸ்டர்சியன்கள் தங்கள் பாடல்களைத் திருத்திக்கொண்டதால் சில மெட்டுகள் உங்கள் கைப் பிரதியோடு ஒத்துவராது. தப்பாகப் பாடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பெண்கள் நால்வருக்கும் ‘நியூம்ஸ்’ செயலியைச் சொல்லுங்கள். பிரான்சு ழூக் மடத்துக் கன்னியர் பாடியது. பாட்டு ஓட ஓட நொட்டேஷனும் கூடவே நகரும்.

பதிவை மட்டும் கேட்டுப் பழகாதீர்கள். 1961 ‘லீபர் உசுவாலிஸ்’ என்ற கிரகோரியன் பாட்டுப் புத்தகத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. தனிப் பாட்டு வேண்டுமானால் ‘கிரெகோபேஸ்’ தளம். படிக்கும்போது முதலில் தடுக்குவது பொர்ரெக்துஸ் என்ற குறி. தடித்த சாய்கோடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கும், அதன் கீழ் முனையை ஒட்டி மேலே ஒரு சதுரம் இருக்கும். நம் ஆட்கள் பார்த்தவுடன் ஜாரு போட்டு வழுக்குவார்கள். அது வழுக்கல் இல்லை. சாய்கோட்டின் தொடக்கம் ஒரு சுரம், முடிவு ஒரு சுரம், நடுவில் ஒன்றும் கிடையாது; பிறகு மேல் சதுரம். மூன்றே சுரம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சதுரம் இருந்தால் கீழ்ச் சதுரம் முதலில். இறங்கும் வைர வடிவக் குறிகள் வேகமாகப் பாடச் சொல்லவில்லை, மற்றவற்றுக்குச் சமம்தான். ரம்பப் பல் மாதிரி இருக்கும் குவிலிஸ்மாவில் நீள்வது அதற்கு முந்திய சுரம். வரிக் கடைசியில் இருக்கும் பாதிச் சுரத்தை யாரும் பாடிவிடக் கூடாது. அடுத்த வரி எங்கே தொடங்கும் என்று காட்டுவதற்காக வைத்தது. மேல் கோட்டில் மட்டும் வெட்டும் சிறு கோடு என்றால் அவசியமானால் திருட்டு மூச்சு, நடுவில் பாதிக் கோடு என்றால் நல்ல மூச்சு, நான்கு கோட்டையும் வெட்டும் முழுக் கோடு என்றால் மூச்சோடு ஒரு சிறு நிறுத்தம்.

ஆறுகட்டை:

சுருதி விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் 1 முதல் 8 வரை ஓர் எண் இருக்கும், அதுதான் மோட். அதற்கு முடிவுச் சுரம் ஒன்று, விவிலியத் திருப்பாடலை ஓதும்போது நிற்கும் சுரம் ஒன்று. நிற்கும் சுரத்தை 6 கட்டையில் (கீபோர்டில் ‘ஏ’; 1 கட்டை ‘சி’) வைத்துவிட்டால் பெரும்பாலான பாட்டுகள் ஆண்களுக்குத் தொண்டைக்குள் அடங்கும். பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே பாடுவார்கள். கலந்து பாடும்போது சிலருக்கு மேலே முட்டும் என்பதால் 5 கட்டைக்கு இறக்குவேன்.

உங்கள் பட்டியலுக்குக் கணக்கு: ‘ஊபி காரித்தாஸ்’ 6ஆம் மோட். முடிவு ஃபா, நிற்பது லா. லாவை 5 கட்டையில் வைத்தால் ஃபா இரண்டரைக் கட்டை. ‘பாஞ்சே லிங்குவா’ 3ஆம் மோட். முடிவு மி, நிற்பது தோ. தோவை 5ல் வைத்தால் மி 7 கட்டையில், கீழ் ஸ்தாயியில் விழும். சில பெண்களுக்கு அது மிகவும் கீழே. அதற்கு மட்டும் தோவை 6 கட்டைக்கே ஏற்றி, மியை ஒன்றரைக் கட்டையில் வையுங்கள்.

கர்நாடக இசை தெரிந்தவர் குழுவில் இருந்தால் மேளத்தைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்: 1, 2 என்றால் கரகரப்பிரியா, 3, 4 என்றால் அனுமத்தோடி, 5, 6 என்றால் மேசகல்யாணி, 7, 8 என்றால் அரிகாம்போதி. தி சுரத்துக்கு முன்னால் தாழ்த்தற்குறி (ஃப்ளாட்) இருந்தால் 1, 2 நடபைரவியாகும், 5, 6 சங்கராபரணமாகும். இது அளவுக்கு மட்டும். கமகம், அதாவது சுரத்தை அசைப்பது, ஒரு துளி கூடாது. ‘பாஞ்சே லிங்குவா’வில் இந்த ஆபத்து ஜாஸ்தி. தோடி என்று காதில் விழுந்ததுமே காந்தாரத்தை ஆட்டத் தொடங்கிவிடுவார்கள். இங்கே காந்தாரம், அதாவது சோல், ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும்.

சுருதி இறங்குவதற்கு முக்கியக் காரணம், இறங்குவரிசையில் ஒவ்வொரு படியையும் தேவைக்கு மேல் பெரிதாக இறக்குவது. திரும்பி ஏறும்போது அதே அளவு ஏறுவதில்லை. ஒரே சுரத்தில் பல அசை வரும் இடங்களிலும் சரியும், அங்கே ஒவ்வொரு அசையையும் கொஞ்சம் மேலே நினைத்துப் பாடச் சொல்லுங்கள். ட்யூனர் செயலியில் ஒவ்வொரு சரணத்தின் கடைசிச் சுரத்தையும் பாருங்கள். இரண்டாவது சரண முடிவிலேயே 20 சென்ட் (அரைக் கட்டை என்பது 100 சென்ட்) இறங்கியிருந்தால் ஆரம்பச் சுருதியையே அரைக் கட்டை ஏற்றிப் பாருங்கள். தாழ்ந்த சுருதியில் தொண்டை தளர்ந்துதான் பல குழுக்கள் சரிகின்றன, ஏற்றினால் நிற்கும்.

ஒத்திகையில் சுருதிப்பெட்டி வைக்கலாம், முடிவுச் சுரத்தைச் ஸட்ஜமாக வைத்து, மெதுவாக. ஆனால் 3ஆம் மோட் பாட்டுக்குப் பஞ்சமத்தை அணைத்துவிடுங்கள். மியின் பஞ்சமம் தி. பாட்டு நிற்பதோ அதற்கு அரைப்படி மேலே தோவில். இரண்டும் சேர்ந்து கேட்டால் குழுவே தோவைத் தாழ்த்திவிடும்.

மெழுகுதிரி:

கீபோர்டு பற்றி. தவக்காலத்தில் இசைக்கருவி பாடலைத் தாங்க மட்டுமே. 4ஆம் ஞாயிறுக்கும் பெருவிழா, விழாக்களுக்கும் விலக்கு. பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ பாட்டு முடிந்ததிலிருந்து பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டர் இரவு வழிபாடு) ‘உன்னதங்களிலே’ வரைக்கும் அதே கட்டுப்பாடு. உங்கள் பாட்டு இரண்டும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆரம்பச் சுரத்தைத் தொட்டுக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவது உத்தமம்.

இன்னொன்று, யாராவது ‘துறவிகள் பாடினதையே ஸ்பீக்கரில் போட்டுவிடலாமே’ என்பார்கள். வழிபாட்டில் இசைத்தட்டு, டேப் போன்றவை பாடகருக்குப் பதிலாக வரக்கூடாது என்று 1958லேயே ரோமின் திருஇசை அறிவுரை சொல்லிவிட்டது. பாட்டுக் கற்றுக்கொடுக்க அவற்றைப் பயன்படுத்தலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் செய்வது அதுதான். யூடியூப் நேரலையில் திருப்பலிக்கு முன்னால் பின்னணியாகப் போட்டாலும் உரிமைக் கோரிக்கை வரும். மெட்டு ஆயிரம் வருஷப் பழசாக இருக்கலாம், பதிவுக்கு உரிமையாளர் இருக்கிறார்.

மஞ்சக்குப்பம் குவாயர்:

மிக்க நன்றி. கைதட்டிப் பார்த்தோம், ஒரு நொடியும் கொஞ்சமும். கேள்வி இரண்டு. தவக்கால ஞாயிறுக்கு எந்த கீரியே? எங்களுக்குத் தெரிந்தது ‘தே ஆஞ்செலிஸ்’ ஒன்றுதான். உச்சரிப்புக்கு யாராவது சொல்லுங்கள். தாளில் ‘தேயோ’, ‘எலைசோன்’ என்று எழுதியிருக்கிறோம்.

நாலுகோடு (புதுச்சேரி):

புத்தகத்தில் பூசைப் பாட்டுத் தொகுதிகளுக்கு எண் உண்டு. ‘தே ஆஞ்செலிஸ்’ 8ஆம் பூசை, விழா நாளுக்கானது. அந்தக் கீரியே 15, 16ஆம் நூற்றாண்டுச் சரக்கு, அதனால்தான் காதுக்குச் சங்கராபரணம் மாதிரி சுலபமாக இருக்கிறது. தவக்கால ஞாயிறுக்கென்று புத்தகத்தில் இருப்பது 17ஆம் பூசை. உங்களுக்கு இப்போதைக்குக் கொஞ்சம் அதிகம். 1974ல் திருத்தந்தை ஆறாம் பவுல் எல்லாப் பங்குகளுக்கும் என்று வெளியிட்ட ‘யூபிலாத்தே தேயோ’ கையேட்டில் உள்ளபடி 16ஆம் கீரியே, 18ஆம் சாங்த்துஸ், 18ஆம் ஆஞ்ஞுஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கள் ஒரு கைக்குள் அடங்கும். மூன்றையும் நாலு ஒத்திகையில் முடித்துவிடலாம்.

பலுக்கல்:

உச்சரிப்பு என் பங்கு. தமிழில் எழுதுவது தப்பில்லை, ஆனால் தமிழ் நாக்கு தானாகச் சேர்க்கும் சிலவற்றைப் பிடித்து நிறுத்த வேண்டும். முதல் எதிரி உடம்படுமெய். உயிரும் உயிரும் சந்தித்தால் நடுவில் யகரமோ வகரமோ போடாமல் நமக்கு வாய் வராது. தேஒ என்பது ‘தேயோ’ ஆகிறது, மேஆ ‘மேயா’, தூஆ ‘தூவா’. மேலே நாலுகோடே ‘யூபிலாத்தே தேயோ’ என்று எழுதியிருக்கிறார் பாருங்கள்! தாளில் ‘தே-ஒ’, ‘தூ-ஆ’ என்று கோடு போட்டுப் பிரித்து எழுதுங்கள். எகரத்தில் தொடங்கும் சொல்லும் அப்படித்தான். ‘எத்’ என்பது ‘யெத்’ ஆகிவிடும், அதுவும் ஒவ்வொரு வரியிலும் வரும் சொல். ‘எலைசோன்’ வேண்டாம், எ-லே-இ-சோன், நாலு அசை. லே மீது அழுத்தம்.

நமக்குச் சாதகமானதும் உண்டு. ‘பெக்காத்தா’, ‘தொல்லிஸ்’ இவற்றின் இரட்டை மெய்யை ஆங்கிலம் படித்தவர்கள் ஒற்றையாக விழுங்குவார்கள். தமிழனுக்கு அது பிறவியிலேயே வரும். அங்கே ஒன்றும் திருத்த வேண்டாம்.

மற்ற விதிகள்: எ, இ முன் வரும் லத்தீன் ‘சி’ (c) எழுத்து சகரத்தின் வல்லொலி, ‘பாச்செம்’ என்பது போல. அதே இடத்தில் ‘ஜி’ (g) ஜகரம். ‘ஆஞ்ஞுஸ்’ என்பதை ‘ஆக்னுஸ்’ என்று பாடக் கூடாது. ‘கிராத்ஸியா’வில் த்ஸி. ‘எக்ஷெல்சிஸ்’ என்பதில் க்ஷெ. ஹகரம் ஒலிக்காது, ஹோசான்னா வெறும் ‘ஓசான்னா’தான், ‘மிகி’, ‘நிகில்’ இரண்டு சொல் மட்டும் விலக்கு. ஜெர்மன், ஆஸ்திரியப் பாடகர்களிடம் ‘சே’ வர வேண்டிய இடத்தில் ‘த்ஸே’ கேட்டால் அது அவர்கள் ஊர் வழக்கம், அதைப் பின்பற்ற வேண்டாம். சொல் கடைசி ஸ் எல்லாரும் ஒரே நேரத்தில், குறுக்கமாக. 11 பேரும் ஆளுக்கொரு நேரத்தில் விட்டால் பாம்பு சீறுகிற மாதிரி இருக்கும். மூன்று பேர் மட்டும் ஸ் சொன்னால் போதும், மற்றவர்கள் உயிரிலேயே நிறுத்தலாம்.

ஆறுகட்டை:

பவனியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோயிலைச் சுற்றி வெளியே போவதாக இருந்தால் எதிரொலி என்பதே கிடையாது, உள்ளே சரியாக இருந்த வேகம் வெளியே இன்னும் இழுக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. வரிசை 35 மீட்டர் நீண்டால் பின்னால் இருப்பவர் காதில் பத்தில் ஒரு நொடி தாமதம், அவர்கள் பாடுவது முன்னால் வந்து சேர இன்னொரு பத்தில் ஒன்று. இது போதும் குழப்ப. குழுவைப் பிரிக்காமல் ஒரே கொத்தாக நடக்கவிடுங்கள். ஒரு சரணம் நால்வர், அடுத்தது எல்லாரும் என்று மாற்றிப் பாடினால் மூச்சும் மிஞ்சும். காலடிக்கு ஏற்பப் பாடாதீர்கள். நடை ஆதி தாளத்தைக் கொண்டுவந்து புகுத்திவிடும், இந்தப் பாட்டுக்குத் தாளக்கட்டு இல்லை. பீடம் சேரும்வரை முதல் நாலு சரணத்தையே திரும்பத் திரும்பப் பாட வேண்டும். கடைசி இரண்டு, அதாவது ‘தாந்தும் எர்கோ’, தூபம் காட்டும்போதுதான். ஊர்வலம் நீளும் என்பதற்காக அதை முன்னாலேயே பாடித் தீர்த்துவிட்டால் தூபத்துக்குப் பாட்டு இருக்காது.

ஒலிப்பெட்டி:

பழகும் பதிவைத் தயார் செய்ய: ஆடாசிட்டியில் ‘சேஞ்ச் டெம்போ’ சுருதியை மாற்றாமல் வேகத்தை மாற்றும், ‘சேஞ்ச் பிட்ச்’ வேகத்தை மாற்றாமல் சுருதியை மாற்றும். ‘சேஞ்ச் ஸ்பீட்’ இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும், அதைத் தொடாதீர்கள். எதிரொலி நிறைந்த பதிவை 20 சதவீதத்துக்கு மேல் நீட்டினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். யூடியூபிலிருந்து எடுத்ததற்குப் பதிலாக சிடியிலிருந்து வேவ் கோப்பாக எடுத்துச் செய்யுங்கள்; ஏற்கெனவே சுருக்கிய கோப்பில் எதிரொலியின் வால்தான் முதலில் கெடும்.

இதைவிட நல்லது உங்கள் குழுவிலேயே தெளிவாகப் பாடும் ஒருவரை மெத்தை, திரைச்சீலை உள்ள அறையில் எதிரொலி இல்லாமல் பாட வைத்துப் பதிவது. மின்விசிறியும் ஏசியும் நிறுத்தி, ஃபோனை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில். அதை முதலில் பழகிவிட்டு, பிறகு சோலெம் பதிவைக் கேட்டால் எது குரல், எது கட்டடம் என்று காதே பிரித்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். கேட்பவர்களும் சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம், ஆண் குரலின் கீழ்ச் சுரம் அதில் விழாது. சாதாரண ஒயர் இயர்ஃபோன் போதும்.

கோயிலில் குழுவையே பதிந்து பார்ப்பதானால் மைக் பாடகர்களிடமிருந்து 3 மீட்டர், தலைக்கு மேல் உயரத்தில், அளவு மீட்டரில் உச்சம் கழித்தல் 12 டெசிபெல்லைத் தாண்டாமல். தானியங்கி ஒலிமட்டத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முழுக் கோட்டு நிறுத்தத்திலும் அது வெளியே போகிற பேருந்து ஹாரனை மேலே தூக்கிக் கொடுக்கும்.